தாயும் சேயும் நலம் – 42 நாட்களுக்கு மட்டும்

தமிழில் யாரும் ஐயுறாத வாக்கியம் எது என்று கேட்டால் ‘தாயும் சேயும் நலம்’ என்பதே நம் பதில். தந்திக் காலத்தில் சொல்லுக்கு இத்தனை காசு என்று கணக்குப் பார்த்து அனுப்பப்பட்ட அந்த மூன்று சொற்கள், இன்று கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும், பிரசவ வார்டு வாசலில் செவிலியர் உதிர்க்கும் வாய்மொழியாகவும், சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பின் தொனியாகவும் வாழ்கின்றன. அவற்றில் இரண்டாம் சொல்லோடு நமக்குப் பூசல் எதுவும் இல்லை. முதல் சொல்லோடுதான். கர்ப்ப காலத்தில் பிரீ-எக்லாம்சியா கண்ட பெண்களைப் பொறுத்தவரை அச்சொல் ஒரு தவணைக்கு உட்பட்டது. அந்தத் தவணை முடிந்தபின் அவளுக்கு என்ன நேர்கிறது என்று கேட்க நம்மிடம் பதிவேடும் இல்லை, பழக்கமும் இல்லை.

இலக்கியம் பேசும் பக்கத்தில் இரத்த அழுத்தத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கான பதில் பின்னால் வருகிறது. சற்றுப் பொறுக்க வேண்டும்.

முதலில் நோய். கர்ப்பத்தின் 20 வாரம் கடந்தபின் இரத்த அழுத்தம் 140/90ஐ எட்டுவதும், கூடவே சிறுநீரில் புரதம் இறங்குவதும், அல்லது சிறுநீரகம், ஈரல், மூளை போன்ற உறுப்புகள் பழுதின் அடையாளம் காட்டுவதுமே பிரீ-எக்லாம்சியா. முற்றினால் வலிப்பு, அப்போது பெயர் எக்லாம்சியா. நம் பாட்டிமார் அதைப் பிரசவ ஜன்னி என்றார்கள். வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கருத்தரித்த முதல் மாதங்களில் கருப்பையின் தமனிகள் வாய் விரிந்து நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக இரத்தம் தர வேண்டும். அவை விரியாமல் போனால் பட்டினி கிடக்கும் நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் இரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலந்துவிடுகிறது. அவை உடம்பெங்கும் உள்ள இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. ஆக, ‘காலில் நீர் கோத்திருக்கு, பிள்ளை பொறந்தா வடிஞ்சிடும்’ என்று கூடத்தில் உட்கார்ந்து சொல்லப்படும் வீக்கத்துக்குப் பின்னால், உச்சி முதல் உள்ளங்கால் வரை குழாய்கள் அனைத்தும் சம்பந்தப்பட்ட ஒரு விபத்து நடந்துகொண்டிருக்கிறது.

இந்த விபத்தோடு மல்லுக்கட்டிய வரலாறு சென்னைக்கு உண்டு. அதைச் சொல்லாமல் குறை மட்டும் பேசுவது நியாயமாகாது. 1844இல் தொடங்கப்பட்ட எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றிய பேராசிரியர் எம். கே. கிருஷ்ண மேனன் (அரசியல்வாதி மேனன் அல்லர்) மூன்று மருந்துகளைச் சேர்த்து ஜன்னியை அடக்கும் ஒரு முறையை வகுத்தார். 1961இல் பிரிட்டன் மகப்பேற்று இதழில் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ‘லிட்டிக் காக்டெயில்’ என்ற பெயரில் அம்முறை இந்திய மருத்துவமனைகளில் பல்லாண்டு ஆண்டது. பின்னர் மெக்னீசியம் சல்பேட் வந்தது. 1995இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, வலிப்பு திரும்புவதைத் தடுப்பதில் அதுவே மேல் என்றது. 2002இல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ‘மேக்பை’ ஆய்வு, வலிப்பு வருமுன்பே அதைக் கொடுத்தால் வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்குகிறது என்று காட்டியது. இன்று வலிப்போடு வரும் பெண்ணுக்கு அந்த ஊசி கிடைக்கிறது, அவள் பிழைக்கிறாள். இவை அனைத்தும் பெருமைக்குரியவை. ஆனால் இந்த வரலாறு முழுதும் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் நடந்த போராட்டம். ஆண்டுக்கணக்கு என்று ஒன்று இருப்பது அதன் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அந்த ஆண்டுக்கணக்கு மறைவாக இருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஒன்று 34 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை அலசியது. பிரீ-எக்லாம்சியா கண்டவர்களுக்குப் பின்னாளில் நிலையான உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கு மேல். மாரடைப்பு வகை நோய்களுக்கு இருமடங்கு. பக்கவாதத்துக்கு ஏறத்தாழ 1.8 மடங்கு. 2017இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு இதயம் செயலிழக்கும் வாய்ப்பை நான்கு மடங்கு என்றது. மூளையைப் பற்றி இன்னும் தாமதமாகத்தான் கேட்கத் தொடங்கினார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர ஆய்வாளர்கள், ஜன்னி கண்டு மீண்ட பெண்களின் மூளையில் ஆண்டுகள் கழித்தும் வெண்பொருள் தழும்புகள் மற்றவர்களைவிட மிகுந்திருப்பதைப் படமெடுத்துக் காட்டினார்கள். அன்றாட மறதியையும் கவனச் சிதறலையும் இப்பெண்கள் அதிகம் சொல்வதையும் குறித்துவைத்தார்கள். 2018இல் ஏறத்தாழ 12 லட்சம் டென்மார்க் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, இரத்தக் குழாய் பழுதால் வரும் மறதிநோய் இவர்களுக்கு மூன்று மடங்குக்கு மேல் வருவதாகக் கண்டது.

இவர்கள் எல்லாரும் நாற்பதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்று இதற்குப் பொருளில்லை. இளம் பெண்ணின் இதயநோய் வாய்ப்பு மிகச் சிறியது; சிறிய எண்ணின் இருமடங்கும் சிறிய எண்ணே. பெரும்பாலோர் முதுமைவரை நன்றாகவே இருப்பார்கள். ஆனால் வயது ஏறஏற அடிப்படை எண் வளர்கிறது, பெருக்கல் வாய்பாடு மட்டும் மாறாமல் கூடவே வருகிறது. பிரீ-எக்லாம்சியா குழாய்களைக் கெடுக்கிறதா, அல்லது ஏற்கெனவே பலவீனமான குழாய்களைக் கர்ப்பம் வெளிச்சமிட்டுக் காட்டுகிறதா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். இரண்டும் உண்மை என்பதே இன்று பலர் கருத்து. நம் வாதத்துக்கு இரண்டும் ஒன்றுதான். எந்த வழியாக வந்தாலும் இருபத்திரண்டு வயதில் அவள் உடம்பு அவளுக்கு ஒரு முன்னறிவிப்புக் கடிதம் எழுதிவிட்டது. அதைப் பிரிக்காமல் கிழித்துப் போடுவது யார் என்பதே கேள்வி.

கிழிப்பவர்களில் முதல் இடம் ஒரு மூதுரைக்கு. ‘பிரசவமே மருந்து’ என்று பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குச் சொல்லி வந்தன. கூடத்துப் பாட்டியும் அதையே சொல்கிறாள் என்பது வேடிக்கை. அறிவியலும் ஐதிகமும் இவ்வளவு சுமுகமாக ஒத்துப்போகும் இடங்கள் குறைவு. நஞ்சுக்கொடி வெளியேறினால் கடும் நோய் தணிகிறது, அதுவரை அம்மூதுரை மெய். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் நாட்களிலேயே வலிப்பும் பக்கவாதமும் வரக்கூடும் என்பதை அது மறைக்கிறது. பிந்தைய முப்பது ஆண்டுகளை அடியோடு துடைத்துவிடுகிறது.

இரண்டாம் இடம் புள்ளிவிவரத்துக்கு. பேறுகால மரணம் என்றால் கர்ப்பத்தின் போதோ அது முடிந்த 42 நாட்களுக்குள்ளோ நேர்வது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை அது. வீடுதேடி வரும் சுகாதாரப் பணியாளரின் பிரசவப் பின் வருகைகளும் அந்த 42ஆம் நாளோடு முடிகின்றன. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருடன் பிறப்புகளுக்கு 2001–03இல் 134 தாய்மார் இறந்தார்கள். 2018–20இல் அது 54. அதே 2018–20இல் நாட்டின் சராசரி 97. எத்தனையோ கிராம சுகாதார செவிலியரின் கால்நடையும், இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருந்த ஆரம்ப சுகாதார நிலையங்களும் சேர்ந்து சாதித்தது இது. நாம் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு கணக்கு எங்கே முடிகிறதோ அங்கேயே அரசின் அக்கறையும் முடிகிறது. இருபத்து மூன்றில் ஜன்னி கண்டு பிழைத்தவள் நாற்பத்தொன்றில் பக்கவாதத்தில் போனால், முதல் கணக்கில் அவள் வெற்றி. இரண்டாவது கணக்கில் ‘திடீர்’ மரணம். இரண்டையும் கோக்கும் நூல் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இனி ஓர் ஊருக்கு வருவோம். பொதுவில் பேசினால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், சென்னை சென்ட்ரலிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நின்று நின்று போகும் புறநகர் ரயிலில் ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் கும்மிடிப்பூண்டி. சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் உலைகள், ஈயம் உருக்கும் ஆலைகள், உணவுப் பொருள், வேதிப்பொருள் ஆலைகள். சற்றுத் தள்ளித் தேர்வாய் கண்டிகை. ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கம் செங்கல் சூளைகள், அவற்றில் ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள். ஊருக்குள்ளேயே இலங்கைத் தமிழர் முகாம். ஒப்பந்ததாரரின் வேனில் ஷிப்டுக்கு ஏறி இறங்கும் பெண்கள் இத்தனை இடங்களிலிருந்தும் வருகிறார்கள்.

இரத்தத்தில் ஈயம் ஏறுவதற்கும் பிரீ-எக்லாம்சியாவுக்கும் உள்ள தொடர்பு பல ஆய்வுகளில் தெரிந்த ஒன்று. காற்றில் மிதக்கும் நுண்துகளுக்கும் அதே பழி உண்டு. பகல், மாலை, இரவு என்று மாறிமாறி வரும் ஷிப்டுக்கும் இந்நோய்க்கும் உறவிருப்பதை 2019இல் வந்த தொகுப்பாய்வு சுட்டியது. வெப்பத்தைப் பற்றி நம் ஊரிலேயே ஆய்வு இருக்கிறது: போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து 2024இல் வெளியிட்டது, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் அபாயம் இருமடங்கு. உலையும் ஈயமும் சூளையும் சுழல் ஷிப்டும் ஒரே வட்டாரத்தில் கூடியிருக்கும் இடத்தில், கர்ப்பிணியின் இரத்த அழுத்தம் தொழிற்சாலை வாசலுக்கு வெளியே நிற்கும் தனிமனித விவகாரம் என்று எந்த நியாயத்தில் சொல்வது?

நோய் கண்டபின் அவள் போகும் பாதையைப் பாருங்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி, பொன்னேரியில் முடியாவிட்டால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அல்லது எழும்பூர். திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது உண்மைதான். ஆனால் இந்த மாவட்டத்தின் வடக்கு ரயில்பாதையும் மேற்கு ரயில்பாதையும் சென்னையில்தான் சந்திக்கின்றன; கும்மிடிப்பூண்டிக்காரிக்கு மாவட்டத் தலைநகரைவிட ராயபுரமே பக்கம். போதாததற்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் வேறு. ஓரிடத்தில் பதிவு, இன்னோரிடத்தில் பிரசவம், மூன்றாவது இடத்தில் பச்சை உடம்பு தேறுதல், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு. இத்தனை தாவலிலும் அவளோடு வருவது ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு. அதில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் எழுதப்பட்டிருக்கும் நோயின் பெயரை அவளுக்கு யாரும் தமிழில் சொன்னதில்லை. ‘பிரஷர் இருந்துச்சு, இப்ப இல்ல’ என்பதே அவள் கையில் மிஞ்சும் மருத்துவ வரலாறு.

அவள் வேலைக்குத் திரும்பும் கதை இன்னும் சுவையானது. பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தின் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலை மணமான பெண்களை அந்த வேலைக்கு எடுப்பதைத் தவிர்த்ததாக ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2024 ஜூனில் எழுதியது. நிறுவனம் மறுத்தது, ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. உண்மை எந்தப் பக்கம் எவ்வளவு என்பதை நாம் தீர்ப்பளிக்கப் போவதில்லை. அந்தச் செய்தி யாரையும் வியப்பில் ஆழ்த்தவில்லை என்பதே நமக்கு முக்கியம். பதினெட்டு முதல் இருபத்து மூன்று வரையான உடம்பு உற்பத்திக்கு. அதன் பிறகான உடம்பு குடும்பத்துக்கு. இடையில் நேர்ந்த பிரீ-எக்லாம்சியா இருவர் கணக்கிலும் வருவதில்லை. பிள்ளை பெற்றபின் அவள் திரும்பி வருவது நிரந்தரப் பணிக்கன்று, ஒப்பந்தக் கூலிக்கு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மகப்பேறு விடுப்பு 2017 திருத்தத்தில் 26 வாரமானது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் வந்த நோய்க்குக் கூடுதலாக ஒரு மாதம் வரை விடுப்பு. ஒரு மாதம்! நாற்பது வயது கடந்த தொழிலாளிக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடற்பரிசோதனை என்றும் புதிய தொகுப்பு பெருமையோடு அறிவிக்கிறது. தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தின் வீடுவீடான கணக்கெடுப்போ முப்பதில் தொடங்குகிறது. இருபத்திரண்டில் பிள்ளை பெற்றவள் அதுவரை என்ன செய்வது? முப்பது ஆகும்வரை காத்திருந்தாலும், அந்தக் கணக்கெடுப்பின் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் அவளிடம் கேட்பவை ஆறு: வயது, புகை, மது, இடுப்பளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் யாருக்கேனும் நோய் உண்டா. நான்குக்கு மேல் மதிப்பெண் எடுத்தால் முன்னுரிமை. புகைக்காத, குடிக்காத, நாளெல்லாம் நின்று வேலை செய்கிற ஒல்லியான பெண் இதில் எத்தனை மதிப்பெண் எடுப்பாள்? அவள் உடம்பு எழுதிய கடிதத்தைப் பற்றி ஏழாவதாக ஒரு கேள்வி இல்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2011இலேயே பிரீ-எக்லாம்சியாவைப் பெண்களின் இதயநோய் அபாயப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்துக்கான பன்னாட்டுச் சங்கம் 2018இல், பிரசவமான மூன்றாம் மாதம் பரிசோதனை, பிறகு வாழ்நாள் முழுதும் ஆண்டுக்கொரு முறை என்று பரிந்துரைத்தது. நமக்கு எட்டாத வானத்து உண்மைகள் அல்ல இவை.

இங்கே நண்பர்களின் முகச்சுளிப்புக்கு வருகிறோம். இலக்கியப் பக்கத்தில் இது எதற்கு? நோயைக் கணக்கிடாதது அரசு மட்டுமன்று, நம் புனைவும்தான் என்பதற்காக. தமிழ்க் கதைகளில் பிரசவம் ஒரு கதவு. தாய் அதைத் தாண்டினாள் அல்லது தாண்டவில்லை. தாண்டாவிட்டால் அந்த மரணத்தில் நாவல் தொடங்கும். தாண்டிவிட்டால் அவள் தாயாகி உடம்பை இழந்து உருவகமாகிவிடுவாள். பிரசவம் மறுபிறப்பு என்கிற சொலவடையை நாம் அளவுக்கு மீறி நம்பிவிட்டோம். மறுபிறவிக்கு முற்பிறவியின் நோய் ஒட்டாது போலும். மூன்றாம் அத்தியாயத்தில் கைகால் வீங்கிப் பிள்ளை பெற்றவள் இருபதாம் அத்தியாயத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், மகன் வீட்டைவிட்டுப் போன துயரம் என்று எழுதுகிறவரும் எழுதுகிறார், படிக்கிறவரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், விமர்சகரும் தாய்மையின் உச்சம் என்கிறார். அவள் பெயர்களை மறக்கத் தொடங்கினால் அது கைவிடப்பட்ட முதுமையின் படிமம். பெண்ணின் இதயத்தை இவ்வளவு பாடிய மொழி அந்த இதயத்துக்கு மாரடைப்பு வர உடலியல் காரணமும் இருக்கக்கூடும் என்று ஐயுறாதது, நமக்கு வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை. அரசின் பதிவேடும் கதாசிரியரின் பேனாவும் ஒரே நாளில் மூடப்படுகின்றன.

எதிர்வாதங்கள் இரண்டு நம் காதில் விழுகின்றன. ஒன்று, பிழைத்து வந்த பெண்ணை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்பது. இதை இரக்கம் என்று ஏற்க நாம் தயாரில்லை. நாற்பது வயது ஆணிடம் சர்க்கரை எல்லையைத் தொடுகிறது என்று சொல்வதைப் பயமுறுத்தல் என்று யாரும் சொல்வதில்லை. மேலும் செய்வதற்கு ஒன்றுமில்லாத அபாயம் என்றால்தான் மறைப்பதில் பொருளுண்டு. இங்கே செய்வதற்கு இருக்கிறது. ஆக்ஸ்ஃபர்டில் 220 பெண்களிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவமானதும் வீட்டிலேயே இரத்த அழுத்தம் பார்த்து அதற்கேற்ப மாத்திரையை மாற்றிக்கொண்டவர்களுக்கு, ஒன்பது மாதம் கழித்து, மாத்திரைகளெல்லாம் நின்ற பிறகும், கீழ் அழுத்தம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 6 புள்ளி குறைவாக இருந்தது. அவர்கள் கையில் இருந்தது சாதாரணக் கைப்பேசியின் விலைகூட இல்லாத ஒரு கருவி. அடுத்த கர்ப்பம் என்றால் தொடக்கத்திலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் என்பதும் இன்று நிலைநாட்டப்பட்ட சிகிச்சை. ஆனால் முதல் முறை வந்தது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்தால்தானே கேட்பாள்?

இரண்டாவது எதிர்வாதம், ஆளும் பணமும் இல்லை என்பது. வேறு மாநிலத்தில் இதைச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் எண் கொடுத்து, அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழே இல்லை என்று நிறுத்திய மாநிலம் இது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறது. 2024இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் ஆலை வாசலுக்கே போனது. எண் ஒரு கணினியில், மாத்திரை இன்னொரு பையில். பிக்மி பதிவில் இரத்த அழுத்தம் என்று குறிக்கப்பட்ட பெண்ணின் பெயர் தொற்றா நோய்ப் பட்டியலுக்கு வயது பாராமல் தானாகப் போய்ச் சேர வேண்டும். இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் ஒப்பந்ததாரரின் வருகைப் பதிவேட்டுக்கு அப்பாலும் அது அவளைத் தொடர வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம்.

இன்னும் எளிய வழியும் உண்டு. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 14,000 ரூபாய் தவணை தவணையாக வருகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய தவணைகள் குழந்தையின் தடுப்பூசியோடு பிணைக்கப்பட்டவை. கடைசித் தவணை ஒன்பதாம் மாதத்தை ஒட்டி. ஆகவே பிரசவமாகி ஒன்பது மாதம் வரை அந்தப் பெண்ணை நிலையத்துக்கு வரவழைக்கும் கயிறு அரசின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு புதன்கிழமை காலையில் போய்ப் பாருங்கள்: தடுப்பூசி நாள். பெஞ்சில் வரிசையாகத் தாய்மார், மடியில் குழந்தைகள், ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கும் கண்கள். மேசைமேல் குழந்தைக்கான ஊசி. அதே மேசையில், இரண்டு முழம் தள்ளி, இரத்த அழுத்தமானி. கடைசித் தவணைக்கு இன்னொரு நிபந்தனையாக அந்தப் பட்டையைத் தாயின் கையில் சுற்றவும், அவள் கேட்கும்படி எண்ணைத் தமிழில் சொல்லவும், அட்டையில் எழுதவும் பிடிக்கும் நேரம் மூன்று நிமிடம்.